மணிக்கட்டில் சூடு பார்த்தவர்

எங்கள் தீவில், கராச்சர்மாவில் அந்த அக்காவைப் பற்றி யாரைக் கேட்டாலும் "கோவக்காரி" என்றுதான் முதலில் சொல்வார்கள். நான் மறுக்க மாட்டேன். இரண்டு வருடமும் சில மாதங்களும் அவரோடு வேலை பார்த்தேன். அவர் கோபப்படாத நாள் என்று ஒன்றைக்கூட என்னால் சொல்ல முடியாது. ஆனால் கோவக்காரி என்கிறவர்கள் எதற்குக் கோபம் என்று சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதும்போது எனக்கும் கோபம் வருகிறது. அதில் பாதி என் மேல்.

நாங்கள் வேலை பார்த்தது ஒரு பல் கிளினிக். ஒரு டாக்டர், இரண்டு நாற்காலி, பின்னால் ஒரு சின்ன அறை. முன் மேசையில் உட்கார்ந்து பெயர் எழுதுவதும் போன் எடுப்பதும் என் வேலை. வண்டூரிலிருந்து காலை பஸ்ஸில் வருவேன். அப்பாவுக்கு அங்கே மளிகைக் கடை. எங்களுக்கு ராமநாதபுரம் பக்கம். அக்கா பக்கத்து ஊரான லம்பா லைனில் ஒற்றை அறையில் குடியிருந்தார். அவருடைய அப்பா அம்மா இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். அவர் பிறந்தது கச்சாலில்.

பின்னறை அவருடைய ராஜ்ஜியம். ஒவ்வொரு நோயாளிக்கும் பிறகு சாமான்களைக் கழுவி, எண்ணெய் விட்டு, ஆவியில் வேகவைத்து அடுக்குவார். பல்லை ராவும் மெஷினின் முனையை, டாக்டர் கையில் பேனாபோலப் பிடிக்கிறதை, ஹேண்ட்பீஸ் என்போம். அதன் கழுத்துக்குள் பேரிங் இருக்கிறது. நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுச் சுற்றுகிற வகையும் உண்டு. இதெல்லாம் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொன்னார் என்பதைவிடத் திட்டினார் என்பது சரி.

சேர்ந்த இரண்டாம் நாள், தட்டில் இருந்த ஒரு ஹேண்ட்பீஸைச் சும்மா எடுத்துப் பார்த்தேன். "கைய எடு" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, உயிர் போன பழையது ஒன்றைப் பிரித்து, குண்டுகளை என் உள்ளங்கையில் கொட்டினார். கடுகைவிடச் சின்னவை.

"எண்ணு."

ஆறு எண்ணினேன்.

"ஏழு இருக்கணும். ஒன்ன கீழ போட்டுட்ட. தேடு."

நாற்காலிக்கு அடியில் மண்டிபோட்டுக் கால் மணி நேரம் தேடினேன். செத்த மெஷினின் குண்டு எதற்கு என்று கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன்.

"எதுக்கா? ஒன்னு கொறஞ்சா மத்ததெல்லாம் ஆடும். ஆடுனா உரசும். உரசுனா சூடு. அந்தச் சூட்ட ஆள் வாய்க்குள்ள வைக்கிறோம். வெளங்குதா?"

கிடைத்த குண்டைக் கொடுத்தேன். வாங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

அவர் எண்ணெய் விடுவதைப் பார்க்க வேண்டும். ஹேண்ட்பீஸின் பின்பக்கத் துளையில் ஸ்ப்ரே டப்பாவின் மூக்கைச் செருகி ஒரு அழுத்து. முன்பக்கம் வெள்ளை டிஷ்யூவைப் பிடித்து மெஷினை ஓட்டுவார். தாளில் எண்ணெய் தெறிக்கும். கறுப்பாக வந்தால் உள்ளே இரும்பு தேய்கிறது என்று அர்த்தம். மறுபடி அழுத்து, மறுபடி ஓட்டு, தெளிவாக வரும்வரை. அதன்பிறகு ஒன்று செய்வார். வேறு எந்தக் கிளினிக்கிலும் யாரும் செய்து நான் பார்த்ததில்லை. ஓடுகிற மெஷினின் கழுத்தைத் தன் இடது மணிக்கட்டின் உள்பக்கம் வைத்து, மனதுக்குள் அறுபது எண்ணுவார். சுடவில்லை என்றால்தான் ஆவிக்குப் போகும். அந்த மணிக்கட்டில் சின்னச் சின்னதாய்ப் பழுப்புத் தழும்புகள் இருந்தன.

"மரத்த வாய்க்காரன் கத்த மாட்டான்" என்பார். "ஊசி போட்டு மரக்க வச்சது நாம. அப்ப அவனுக்குப் பதிலா நோவ பாக்க வேண்டியதும் நாம."

ஒரே ஒரு முறை, மழை கொட்டி யாரும் வராத மதியத்தில், கோபமில்லாமல் ஒன்று சொன்னார். அவருடைய அப்பாவுக்குச் சர்க்கரை முற்றிப் பாதத்தில் உணர்வே இல்லாமல் போயிருந்தது. கச்சாலில் ஒரு மழை நாளில் அடுப்புக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து எல்லாரிடமும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாராம். கருகல் வாடை வந்த பிறகுதான் வீட்டில் பார்த்திருக்கிறார்கள். "அவரு சிரிச்சிக்கிட்டேதான் இருந்தாரு" என்றார் அக்கா. பிறகு எழுந்து போய்த் தட்டுகளைத் துடைத்தார்.

அவருக்குப் பிடிக்காத ஒரே சொல் 'சலேகா'. இந்தத் தீவில் காலையிலிருந்து இரவு வரை எல்லார் வாயிலும் புரளும் இந்திச் சொல். போதும், ஓடும், பரவாயில்லை, எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். கிளினிக் வாசலில் இளநீர் விற்கிற வங்காளியின் தள்ளுவண்டிச் சக்கரம் கீச்சிட்டுக்கொண்டே இருக்கும். ஒருநாள் அக்கா வெளியே போய் அவரை நிறுத்தினார். அவர் "சலேகா தீதி" என்று சிரித்தார். அக்கா நடுரோட்டில் உட்கார்ந்து, இந்தியில் அவரைத் திட்டிக்கொண்டே, சக்கரத்தைக் கழற்றி எண்ணெய் விட்டு மாட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அவர் வெட்டி நீட்டிய இளநீரையும் வாங்கவில்லை. "வண்டி அழுவுது, இவன் சிரிக்கிறான்" என்று சாயங்காலம் வரை புலம்பினார்.

டாக்டருக்கும் அந்தச் சொல்தான் எல்லாவற்றுக்கும். மெயின்லேண்டிலிருந்து வந்தவர், நோயாளிகளிடம் இனிமையாகப் பேசுவார். ஹேண்ட்பீஸுக்கான ஸ்ப்ரே இங்கே கிடைப்பதில்லை. அழுத்தம் உள்ள டப்பா என்பதால் விமானத்திலும் ஏற்ற மாட்டார்கள். சென்னையிலிருந்து கப்பலில்தான் வர வேண்டும். அந்த வருடம் கடல் மோசமாகிக் கப்பல் தள்ளித் தள்ளிப் போனது. கையில் அரை டப்பாதான் இருந்தது.

"ஒவ்வொரு பேஷண்டுக்கும் எதுக்கு? சாயங்காலம் ஒரு தடவை போட்டா சலேகா" என்றார் டாக்டர்.

"ஒவ்வொரு தடவையும் போடணும்னு டப்பாவுலயே எழுதியிருக்கு டாக்டர்."

"டப்பா விக்கிறவன் அப்படித்தான் எழுதுவான்."

"மருந்து விக்கிறவன் எழுதுறத மட்டும் ஏன் நம்புறீங்க?"

மறுநாள் டாக்டர் தையல் மெஷின் எண்ணெய் ஒரு பாட்டில் வாங்கிவந்து பின்னறையில் வைத்தார். அக்கா அதை அப்படியே கொண்டுவந்து அவர் மேசை மேல் வைத்தார். "தையல் மெஷினு ஆள் வாய்க்குள்ள போவாது. இது ஆவியில வெந்தா பிசினாயிரும். பேரிங் செத்துரும்." அதற்குள் டாக்டரே ஒரு நேர் ஹேண்ட்பீஸில் அதை விட்டுப் பார்த்திருந்தார். கடைவாய்ப் பல்லை வெட்டி எடுக்கும்போது பிடிப்பது அது. அதன் உடல் உதட்டு ஓரத்தில் சாய்ந்துதான் இருக்கும். இரண்டே நாளில் அதன் டிஷ்யூவில் கறுப்பு வந்தது. மூன்று முறை ஸ்ப்ரே அடித்தும் கறுப்பு. அக்கா மணிக்கட்டில் வைத்தார். இருபது எண்ணுவதற்குள் கையை உதறினார்.

அதைச் சிவப்பு டேப்பால் சுற்றிக் கீழ் டிராயரில் வைத்தார். "இது சுடுது, பேரிங் போச்சு, சென்னைக்கு அனுப்பணும்" என்று டாக்டரிடம் என் முன்னால்தான் சொன்னார். "பாக்கலாம்" என்றார் டாக்டர்.

நான்காம் நாள் கப்பல் வந்தது. ஸ்ப்ரே பார்சலை எடுத்துவர அக்கா ஜெட்டிக்குப் போயிருந்தார். மதியம் வண்டூர் பஸ்ஸின் கண்டக்டர் வந்தார். நான் தினம் வரும் பஸ்தான். முப்பது வயது இருக்கும், விருதுநகர் பக்கம். கையில் விசில் வைத்துக்கொள்ள மாட்டார். உதட்டைச் சுழித்து ஒரு ஊதல் ஊதுவார், டிரைவருக்கு மட்டுமல்ல, வழியில் இருக்கிற மங்லுட்டான் ஊர் வரை கேட்கும். கீழ்த் தாடையில் கடைசிப் பல்லை எடுக்க வேண்டும். ஊசி போட்டு மரத்துவிட்டது. நல்ல ஹேண்ட்பீஸ் ஆவியில் இருந்தது. வெளியே வர அரை மணி நேரம் ஆகும்.

"கீழ் டிராயர்ல ஒண்ணு இருக்கே. ஸ்பிரிட்ல தொடச்சு எடுத்துட்டு வா" என்றார் டாக்டர், என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டு.

"சார், அது சுடுதுன்னு அக்கா..."

"பத்து நிமிஷ வேலை. சலேகா."

டேப்பை நான்தான் பிரித்தேன். இறுக்கமாகச் சுற்றியிருந்தது. நகத்தால் கிழித்தேன். அக்கா இல்லாததால் எச்சில் உறிஞ்சும் குழாயையும் நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிடம் இருபது நிமிடமானது. உதட்டின் ஓரம் முதலில் சிவந்தது. பிறகு வெந்த முட்டையின் வெள்ளைபோல வெளுத்தது. நான் பார்த்தேன். டாக்டரின் கண் பல்லில் இருந்தது. என் கண் உதட்டில் இருந்தது. நடுவில் டாக்டர் "டீக் ஹை?" என்று கேட்டார். கண்டக்டர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

அக்கா பார்சலோடு வந்தபோது கண்டக்டர் போய்விட்டிருந்தார். கழுவும் தட்டில் கிடந்த ஹேண்ட்பீஸைப் பார்த்ததும் அக்காவின் முகம் மாறியது.

"யாரு எடுத்தா?"

"டாக்டர் கேட்டாரு."

"யாரு எடுத்தா?"

"நான்."

அதை மாட்டி ஓட்டி மணிக்கட்டில் வைத்தார். கையை எடுத்துவிட்டு, "ஆளு எங்க?" என்று கேட்டார். வண்டூர் பஸ் கண்டக்டர் என்றதும் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினார். பஸ் போய்விட்டிருந்தது. திரும்பி வந்து என்னைப் பார்த்து, "டேப்ப பிரிக்கையில ஒன் நகத்துக்குக்கூட தெரியலையாடி?" என்றார்.

இரண்டு நாள் கழித்துக் கண்டக்டர் வந்தார். வாயோரம் கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "மரத்திருக்கறப்ப நீங்களே கடிச்சிருக்கீங்க. நெறையப் பேருக்கு இப்படி ஆகும்."

கண்டக்டர் தலையாட்டினார். நம்பிவிட்டார். தானே கடித்துக்கொண்டதற்கு வெட்கப்பட்டவர்போல ஒரு சிரிப்புகூடச் சிரித்தார். அப்போது அக்கா பின்னறையிலிருந்து வந்தார்.

"இது கடி இல்ல தம்பி. சுட்டது. எங்க மெஷினு சுட்டது. கெட்டுப்போச்சுன்னு நான் டேப் சுத்தி வச்ச மெஷினு."

காத்திருந்த ஐந்தாறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீ உள்ள போ" என்றார் டாக்டர்.

"போவ மாட்டேன். அவன் கடிச்சான்னு நீங்க சொன்னத முதல்ல திரும்ப எடுங்க."

டாக்டர் எடுக்கவில்லை. சாயங்காலத்துக்குள் அக்காவின் வேலை போயிற்று. மறுநாள் காலை டாக்டர் ஒரு தாளை என் முன்னால் வைத்தார். ஹேண்ட்பீஸுக்கு எண்ணெய் விடுவது இந்த ஊழியரின் பொறுப்பு. பலமுறை சொல்லியும் அவர் அலட்சியமாக இருந்ததால் நீக்கப்படுகிறார் என்று எழுதியிருந்தது. சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

போட்டேன். அந்த அக்கா எண்ணெய் விடவில்லை என்று நான் கையெழுத்துப் போட்டேன். குடும்பக் கஷ்டம் என்று சொல்லலாம். அப்பாவின் கடை நன்றாகத்தான் ஓடியது. மேசையில் தாளும் பேனாவும் இருந்தன. எதிரில் டாக்டர் நின்றார். வேறு காரணம் எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு தினமும் அதே பஸ்ஸில் போய் வந்தேன். கண்டக்டரின் உதட்டோரம் சுருங்கி ஆறியது. ஊதல் வரவில்லை, காற்றுதான் வந்தது. இரண்டு நாள் ஊதிப் பார்த்துவிட்டு விட்டார். பஸ்ஸின் தகரத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார், வண்டி கிளம்பும். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் தட்டுவார். நான் பின்சீட்டில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டு வருவேன்.

ஒரு மாதம் போயிருக்கும். டிக்கெட் கிழித்தபடியே என் பக்கத்தில் நின்றார். "நான் டாக்டர்மேல ஹெல்த் மேலாபீஸ்ல புகார் எழுதிக் குடுத்திருக்கேன். டாக்டர் அதுக்குப் பதில் அனுப்பியிருக்காரு. அதுல உங்க கையெழுத்து இருக்கு. அப்ப அந்தக்கா எண்ணெய் போடலதானா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"டேப் சுத்தி வச்சத யாரு எடுத்துக் குடுத்தான்னு அந்தக்காகிட்டயே கேட்டேன். 'அது ஒனக்கு எதுக்கு, ஓட்டுனது யாருன்னு பாரு'ன்னுட்டாங்க" என்றார்.

அக்கா என்னைச் சொல்லவில்லை. ஊரில் எல்லாரையும் திட்டுகிறவர், திட்ட வேண்டிய ஒரு பெயரை மட்டும் விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை லம்பா லைனுக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து மிக்சியைப் பிரித்துக்கொண்டிருந்தார். உட்கார் என்று சொல்லவில்லை.

"என் பேர ஏன் சொல்லல அக்கா?"

நிமிர்ந்து பார்த்தார். நான் அழுவேன் என்று நினைத்துத்தான் போனேன். அந்தப் பார்வையில் அழுகை வரவில்லை.

"ஒன்னக் காப்பாத்த சொல்லாம இருந்தேன்னு நெனச்சிட்டியா? சொல்லியிருந்தா அவன் தப்பிச்சிருப்பான். 'அந்தப் புள்ள மாத்தி எடுத்துக் குடுத்திருச்சு'ன்னு ஒன் தலையில கட்டிட்டுப் போயிருப்பான். ஒனக்கு வேல போவும், அவனுக்கு ஒன்னும் போவாது. என் கோவத்த அவன்மேல முழுசா வச்சிருக்கேன். ஒனக்குப் பிச்சுக் குடுக்க என்கிட்ட இல்ல."

"என் மேல கோவம் இல்லையா?"

"இருக்கு. அது தனி. அது தீராது. நீ பக்கத்துல நின்னு பாத்தவ. பாத்தியா இல்லையா?"

"பாத்தேன்."

"அத எதுக்கு என்கிட்ட வந்து சொல்ற? வெந்தது என் வாயா? போ. அவங்கிட்ட சொல்லு."

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறியதும் சொன்னேன். டேப்பைப் பிரித்தது நான், உதடு வெளுத்ததைப் பார்த்தது நான், பொய்க் கையெழுத்துப் போட்டது நான் என்று, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி. கண்டக்டர் டிக்கெட் கட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு, "இத எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டார்.

ஹேண்ட்பேகில் ஒரு நோட்டு இருந்தது. பேனா அவர் கொடுத்தார். ஓடுகிற பஸ்ஸில் எழுத்து கோணிக்கொண்டு போனது. கராச்சர்மா வந்தபோது பாதிதான் முடிந்திருந்தது. அவர் தகரத்தைத் தட்டவில்லை. பஸ் நின்றபடியே இருந்தது. "க்யா ஹுவா?", "ஆபீஸுக்கு லேட்டாவுது" என்று பின்னாலிருந்து குரல்கள். "இருங்க. எழுதிக்கிட்டு இருக்காங்க" என்றார் கண்டக்டர். டிரைவர் ஹாரன் அடித்தார். நான் முழுவதும் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டியபோது, நின்றபடியே இரண்டு முறை படித்தார். "இறங்குங்க" என்றார். நன்றி என்று எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்காது.

அன்றே வேலையை விட்டேன்.

விசாரணைக்கு எங்கள் மூவரையும் டாக்டரையும் அழைத்தார்கள். அக்கா ஒரு பையைக் கொண்டுவந்திருந்தார். அதில் டேப் சுற்றுவதற்கு முன்பு அவர் அந்த ஹேண்ட்பீஸை ஓட்டிப் பார்த்த டிஷ்யூ தாள்கள், கறுப்புப் புள்ளிகளோடு, தேதி எழுதி. அதிகாரி வயதானவர், பொறுமையானவர். டாக்டர் மெதுவாக, மரியாதையாகப் பேசினார். அக்கா பேசும்போது குரல் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. மணிக்கட்டைத் திருப்பி மேசை மேல் வைத்துக் காட்டினார்.

"அம்மா, எல்லாம் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கோம். நீங்க ஏன் இவ்வளவு கோவப்படறீங்க?" என்றார் அதிகாரி.

அக்கா கண்டக்டரின் வாயைக் காட்டினார். "நீங்க ஏன் படல?"

அதிகாரி பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். டாக்டர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. காயம் மெஷினின் சூட்டால் ஆனது, பேரிங் கெட்டிருந்தது டாக்டருக்கு முன்பே தெரியும் என்று எழுதினார்கள். அக்காமேல் போட்ட குற்றச்சாட்டு நீக்கப்பட்டது. டாக்டர் கண்டக்டருக்குச் சிகிச்சைச் செலவு கொடுக்க வேண்டும் என்றார்கள், கொடுத்தார். சில மாதத்தில் கிளினிக்கை மூடிவிட்டு மெயின்லேண்டுக்குப் போய்விட்டார். அங்கேயும் யாரோ ஒருவர் வாயைத் திறந்து படுத்திருப்பார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பல் கடிபடுகிறது. கண்டக்டர் இன்னும் அதே பஸ்ஸில்தான். எனக்கு டிக்கெட் தருவார், முகம் பார்க்க மாட்டார். அது சரிதான்.

அக்காவை அதன்பிறகு ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். போன வருடம், லம்பா லைனில் காய்கறிக் கடையில். ஊரில் வேறொரு பல் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன். நான் வணக்கம் சொன்னேன். வெண்டைக்காயை முனை ஒடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இப்ப எங்க வேல?"

சொன்னேன். அதுவும் பல் கிளினிக்தான்.

"எண்ணெ போடுறாங்களா?"

"ஒவ்வொரு தடவையும் போடுறாங்க அக்கா."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

நான் என் இடது கையைத் திருப்பிக் காட்டினேன். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு பழுப்புத் தழும்பு இருந்தது. இன்னொன்று புதிதாய்ச் சிவந்திருந்தது. அக்கா அதைப் பார்த்தார். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

"சுட்டத டாக்டர்கிட்ட சொன்னியா?" என்று கேட்டார்.

"சொன்னேன். சண்டை போட்டேன்."

"ம்" என்றார். வெண்டைக்காயைக் கூடையில் போட்டுக்கொண்டு, என்னைத் தாண்டிப் போனார்.